நாலு வயதுக்கு மண்டபம் எதற்கு?

கேள்வி: அக்கா, நாங்கள் கொக்குவிலில் இருக்கிறோம். வருகிற நவம்பர் 18இல் மகளுக்கு நாலு வயது. அதே மாதம் 25இல் மகனுக்கு ஒன்பது. இரண்டையும் ஒரே நாளில், யாழ்ப்பாண நகரத்துக்குள் ஒரு இடம் பிடித்துச் செய்யலாம் என்று இருக்கிறோம். செலவு ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணாவுடையது. அவருக்குப் பெரிய மண்டபம், மேடை, இரவுச் சாப்பாடு எல்லாம் வேண்டும், வீடியோவில் பார்க்கவும் வேண்டும். கணவர் நீச்சல் தடாகம் உள்ள ஹோட்டல் என்கிறார். மாமி "வீட்டு முற்றம் காணாதோ?" என்கிறார். மகன், சின்னப்பிள்ளைப் பார்ட்டி என்றால் தான் வரமாட்டேன் என்று நிற்கிறான். 150 பேர் வரை வருவார்கள். எந்த இடத்துக்கு முற்பணம் கட்டலாம்?
- கொக்குவில் வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அண்ணாவின் விருப்பம் இருக்கிறது, கணவரின் விருப்பம் இருக்கிறது, மாமி ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டார், மகன் தன் பங்கைச் சொல்லிவிட்டான். நாலு வயதாகப் போகிறவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரியும் இல்லை. கேட்டிருந்தாலும் "றோஸ் கலர் கேக்" என்றுதான் சொல்லியிருப்பாள். அந்த வயதில் இடம் என்பது மனதில் இருக்காது. அதனால் அவளுடைய வயதிடம்தான் கேட்க வேண்டும்.

நான் பதினொரு வருடம் நேசறியில் படிப்பித்துவிட்டு, பிறகு பிள்ளைகளின் பிறந்தநாள் ஒழுங்குபடுத்தும் வேலைக்கு வந்தவள். இடம் பார்க்கப் போனால் தாய்மார் மேடையைப் பார்ப்பார்கள், தகப்பன்மார் வாகனம் விட இடமிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் முழங்காலில் இருந்து பார்ப்பேன். சிரிக்காதீர்கள். மூன்றடி உயரத்தில் இருந்து பார்த்தால்தான் மேசை விளிம்பு நேரே கண்ணுக்கு வருவதும், படிக்கட்டில் கைபிடி இல்லாததும், கேற் வீதிப் பக்கம் திறந்து கிடப்பதும் தெரியும்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் சேர்க்க வேண்டாம். ஒன்பது வயதுப் பெடியனுக்கு நாலு பக்கமும் ஓட வெளி வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு, எங்கே ஓடினாலும் உங்கள் கண்ணுக்குள் நிற்கும் இடம் வேண்டும். இந்த இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் கிடைக்காது. கிடைத்தாலும் பெடியன்கள் அடித்த பந்துக்குக் குறுக்கே சின்னதுகள் போகும், நீங்கள் அன்று முழுக்க நடுவில் நின்று கத்துவீர்கள். மகன் வரமாட்டேன் என்பது அடம் இல்லை. வகுப்புப் பெடியன்களுக்கு முன்னால் தங்கச்சியோடு சேர்ந்து கார்ட்டூன் கேக் வெட்ட ஒன்பது வயதில் யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

அண்ணாவின் மண்டபத்துக்கு வருவோம். சில வருடங்களுக்கு முன் ஒரு இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரிய மண்டபத்தில் செய்துகொடுத்தேன். இருநூறுக்கு மேல் ஆட்கள். ஆறரைக்கு வெட்டவேண்டிய கேக், யாரோ ஒரு பெரியப்பா வரவில்லை என்று எட்டேகாலுக்குப் போனது. பிள்ளை ஏழு மணிக்கு ஸ்பீக்கர் சத்தத்துக்கு அழத் தொடங்கி, ஏழரைக்குத் தாயின் தோளில் நித்திரையாகிவிட்டது. கடைசியில் நித்திரையாய்க் கிடந்த கையைப் பிடித்துக் கத்தியில் வைத்து வெட்டினார்கள். அல்பத்தில் ஒரு படத்திலும் அந்தப் பிள்ளையின் கண் திறந்திருக்கவில்லை. ஒழுங்குபடுத்தியவள் நான்தான், நேரத்துக்கு வெட்டுங்கள் என்று உரத்துச் சொல்லாத பிழையும் என்னுடையதுதான். அன்றிலிருந்து ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இரவுப் பார்ட்டி எடுப்பதில்லை.

உங்கள் மகள் நேசறிக்குப் போகிறவள் என்றால் அவளுடைய நல்ல நேரம் காலையில்தான் இருக்கும். மத்தியானம் சாப்பிட்டதும் கண் சொக்கும், பின்னேரம் எழும்பினால் ஒரு சிணுங்கல் இருக்கும். ஆகவே 18இலோ அதற்குச் சற்று முன்னரோ வரும் சனிக்கிழமை, காலை 10 மணிக்குத் தொடங்கி 12க்கு முடியுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நாலு வயது தாங்காது. அண்ணா வீடியோவில் பார்க்க முடியாதே என்று யோசிப்பீர்கள். நவம்பரில் கனடாவில் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பிய பிறகு ரொறன்ரோ நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். நீங்கள் பத்தரைக்குக் கேக் வெட்டினால் அங்கே வெள்ளி நள்ளிரவு 12. மறுநாள் வேலையில்லை என்றால் அண்ணா விழித்திருந்து பார்க்கலாம். நீங்கள் இரவு எட்டுக்கு வெட்டினால் அங்கே சனி காலை ஒன்பதரை, அவருக்கு வசதிதான். ஆனால் பிறந்தநாள் அவருடையது இல்லையே.

அடுத்தது எண்ணிக்கை. வயதோடு ஒன்றைக் கூட்டி அத்தனை பிள்ளைகளைக் கூப்பிடு என்று ஒரு கைக்கணக்கு இருக்கிறது. அதன்படி ஐந்து பிள்ளைகள். எங்கள் ஊரில் சித்தி பெரியம்மா பிள்ளைகளே ஐந்து வந்துவிடும். நான் எட்டு வரை போவேன், அதற்கு மேல் இல்லை. எட்டுப் பிள்ளைகள், அவர்களுடைய தாய் தகப்பன், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி. முப்பது பேருக்குள் அடங்கிவிடும். முப்பது பேருக்கு மண்டபம் எதற்கு?

இப்போது இடம். மாமி கேட்டது சரியான கேள்வி. விறாந்தையும் முன் ஹோலும் சேர்த்து எட்டுப் பிள்ளைகள் வட்டமாக இருந்து விளையாடக் காணும் என்றால் வீடுதான் என் முதல் தெரிவு. பழகிய மலசலகூடம், பழகிய சத்தம், அழுதால் கொண்டுபோய்ப் படுக்க வைக்கப் பழகிய கட்டில். நவம்பர் என்பதால் முற்றத்தை நம்பாதீர்கள், தறப்பாள் கட்டினாலும் சாரல் அடிக்கும். ஆனால் வீட்டில் செய்வதென்றால் எனக்கு ஒரு பயம் உண்டு, அது கிணறு. எங்கள் வளவுகளில் கட்டு உயரமில்லாத கிணறு இன்னும் எத்தனை! உங்கள் பிள்ளைக்குக் கிணறு பழக்கம், கிட்டப் போகாது. வருகிற எட்டுப் பிள்ளைகளுக்கும் அது புதினம். நவம்பரில் தண்ணீர் வேறு மேலே வந்து நிற்கும். இரும்புக் கம்பி வலை அடித்து மூடாமல் ஒரு பிள்ளையையும் கூப்பிடாதீர்கள். மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி, துலாவடிப் பள்ளம் இருந்தால் அவற்றையும் பாருங்கள்.

வீட்டில் இடம் காணாது என்றால், நகரத்தில் ஒரு சின்ன உணவகம் அல்லது ஹோட்டலில் நாற்பது பேர் இருக்கக்கூடிய தனி அறை ஒன்றைக் காலையில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குக் கேளுங்கள். நிலத்தளமாக இருக்க வேண்டும், ஒரே ஒரு வாசல் இருக்க வேண்டும். கதிரைகளைச் சுவரோடு தள்ளி நடுவை வெறுமையாக விடச் சொல்லுங்கள். நாலு வயது கதிரையில் இராது. சறுக்கியும் பந்துத் தொட்டியும் வைத்த உள்ளக விளையாட்டிடம் என்றால், அந்த நேரத்துக்கு வேறு பெரிய பிள்ளைகளை உள்ளே விடமாட்டோம் என்று அவர்கள் ஒத்துக்கொண்டால் மட்டும் எடுங்கள். பத்து வயதுக்காரன் மேலேயிருந்து சறுக்கி வரும்போது கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

நூலகத்துக்குக் கிட்ட உள்ள சுப்பிரமணியம் பூங்காவைப் பலர் கேட்பார்கள். எனக்கும் பிடித்த இடம்தான், ஆனால் மாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும். நவம்பரில் ஊஞ்சலுக்குக் கீழே தண்ணீர் தேங்கும், டெங்கு பரவும் காலமும் அதுதான், அந்த நுளம்பு பகலில்தான் கடிக்கும். எந்த மாதம் என்றாலும் பூங்காவுக்குள் மேசை போட்டுக் கேக் வெட்ட நினைத்தால் முதலே மாநகர சபையில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் தட்டு. நாலு வயதுப் பார்ட்டியில் கச்சான், அவித்த கடலை, கடினமான டொபி மூன்றும் மேசைக்கு வரக்கூடாது, தொண்டையில் அடைக்கும். முந்திரிகைப்பழம் (திராட்சை) என்றால் நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். றபர் பலூன் வெடித்த துண்டைப் பிள்ளைகள் வாயில் போடுவார்கள், எட்டு வயதுக்குக் கீழே அது உயிராபத்து. பலூனை உயரத்தில் கட்டி, வெடித்ததை உடனே பொறுக்க ஒரு மருமகளை நிறுத்துங்கள். ரோல்ஸ், பற்றிஸ், ஒரு கிண்ணம் ஐஸ்கிறீம், அவ்வளவு போதும். பிள்ளைகள் எப்படியும் கேக்கின் ஐசிங்கை மட்டும்தான் நக்கப் போகிறார்கள்.

கணவரின் நீச்சல் தடாகத்துக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். தண்ணீரில் மூழ்கும் பிள்ளை படத்தில் வருவது போலக் கையை அடித்துக் கத்தாது. சத்தமே இல்லாமல் போய்விடும். நாலு வயதுப் பிள்ளைக்குக் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரிய ஆள் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும், எட்டுப் பிள்ளைக்கு எட்டு ஆள். பார்ட்டி என்றால் அந்த எட்டுப் பேரும் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். சின்னத் தடாகம் தனியாக இருக்கிறதே என்பார் கணவர். அதிலிருந்து பெரிய தடாகத்துக்கு எத்தனை அடி என்று அவரையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மகனுக்கு நீந்தத் தெரியும் என்றால் சித்திரை விடுமுறையில் நாலைந்து கூட்டாளிமாரோடு கூட்டிக்கொண்டு போகட்டும். ஃபோனை மேசையில் வைத்துவிட்டு இரண்டு தகப்பன்மார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி மகன். அவனுடைய 25ஆம் திகதியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நவம்பர் 21 முதல் 27 வரை மாவீரர் வாரம், போரில் இறந்தவர்களை நினைத்து எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றும் நாட்கள். அந்த வாரத்தில் பாட்டுப் போட்டுக் கொண்டாட்டம் வைத்தால் கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள், வருகிற பாதிப்பேரும் மனமில்லாமல் வருவார்கள். மழை வேறு. 2024 நவம்பர் கடைசியிலும் 2025 நவம்பர் கடைசியிலும் யாழ்ப்பாணம் வெள்ளத்தில் எப்படிக் கிடந்தது என்று பார்த்தோம்தானே. இரண்டு வருடமும் உயர்தரப் பரீட்சையும் அந்த மாதத்தில்தான் தொடங்கியது, பக்கத்து வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ஸ்பீக்கரும் சரிவராது. அன்றைக்குக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், வீட்டில் பாயாசம் வைத்து, மாமியிடம் ஒரு முத்தம் வாங்கிக் கொடுங்கள். கூட்டாளிமாரோடு கொண்டாட்டம் தை மாதத்துக்குப் போகட்டும்.

ஏன் தை? பட்டம். பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டப் போட்டிக்கு ஊரே திரளும், அந்தப் பருவத்தில் ஒன்பது வயதுப் பெடியனுக்கு வேறு எதுவும் தலைக்குள் இராது. கோட்டைக்குப் பக்கத்தில் முற்றவெளி இருக்கிறது. பின்னேரம் மூன்றரைக்கு எட்டுப் பெடியன்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பேருக்கு ஒரு பட்டம், கொக்கோ பாம்போ எட்டுமூலையோ அவர்களே ஒட்டிக்கொண்டு வரட்டும். பட்டத்தில் காற்றுக்குக் கூவும் விண் கட்டத் தெரிந்த ஒரு சித்தப்பா எந்தக் குடும்பத்திலும் இருப்பார், அவரைப் பிடித்து வாருங்கள். ஐந்தரைக்குப் பட்டத்தை இறக்கி, வீட்டுக்கு வந்து கேக் வெட்டி, கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தால் ஏழு மணிக்கு வேலை முடிந்தது. மண்டப வாடகையில் பத்தில் ஒரு பங்கும் போகாது.

சில கவனங்கள். முற்றவெளியில் ஜனவரி பிற்பகுதியில் வர்த்தகக் கண்காட்சி வைப்பது வழக்கம், பந்தல் போடத் தொடங்கிவிட்டால் இடமில்லை, அதற்கு முன் ஒரு நாளைப் பிடியுங்கள். மின்கம்பிக்குக் கிட்ட ஏற்றக்கூடாது, கம்பியில் சிக்கியதை எடுக்க யாரும் போகக்கூடாது. கண்ணாடித்தூள் பூசிய நூல் வேண்டாம். பட்டம் சின்னதாகவே இருக்கட்டும். 2021இல் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டத்தின் கயிற்றோடு ஒரு ஆள் அந்தரத்தில் போன வீடியோவை உங்கள் மகனும் பார்த்திருப்பான், தானும் அப்படிப் போகலாம் என்றுதான் நினைத்திருப்பான். விளையாடி முடிந்ததும் கோட்டை மதிலில் ஏற விடாதீர்கள். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் ஐங்கோணமாகக் கட்டிய அந்த மதிலைச் சுற்றிக் காட்டுவது நல்ல விடயம்தான், ஆனால் எட்டுப் பெடியன்களோடு பொழுதுபடும் நேரத்தில் இல்லை. காற்றில்லாமலோ மழையாகவோ போனால் ஆஸ்பத்திரி வீதியில் காகில்ஸ் கட்டடத்தில் ஒரு படம், கீழே வந்து சாப்பாடு. ஒன்பது வயதுக்கு அதுவும் பெரிய மனிதர் போல ஒரு நாள்தான். ஆனால் பட்டமா படமா என்று அவனிடம் கேட்டு முடிவெடுங்கள். இந்த வயதில் இடத்தைத் தெரிவு செய்வதே பரிசில் பாதி.

இதே கேள்வியை வேறு வயதுகளுக்கும் பலர் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம். முதலாம் பிறந்தநாள் பெரியவர்களுடைய கொண்டாட்டம், அதை ஒளிக்கத் தேவையில்லை. மண்டபம் எடுக்கிறவர்கள் எடுக்கலாம். கல்யாணம் இல்லாத மார்கழியில் மண்டபங்கள் சும்மாதான் கிடக்கும். ஒரு வயதுப் பிள்ளை தெரியாத முகத்தைக் கண்டால் வீரிடும் பருவத்தில் இருக்கும், அதனால் மணமகள் அறையின் திறப்பைத் தாயின் கையில் வாங்கி வையுங்கள், தொட்டிலும் மின்விசிறியும் அங்கே. ஆறு முதல் எட்டு வயது வரைதான் வெளியே ஒரு இடம் எடுப்பதால் உண்மையில் பலன் உண்டு. விதி சொல்லி விளையாட விளங்கும், தோற்றால் அழுதுவிட்டு மறுபடி வருவார்கள். சுப்பிரமணியம் பூங்காவில் ஒரு மணித்தியாலம் ஓட விட்டு, நல்லூர்ப் பக்கம் றியோவிலோ கஸ்தூரியார் வீதியில் லிங்கனிலோ ஐஸ்கிறீம். அந்த வயதுக்கு இதைவிடப் பெரிய பார்ட்டியை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளில் மட்டும் அந்தப் பக்கம் திட்டம் போடாதீர்கள், வீதி மறித்திருக்கும், அரைவாசி வீடுகள் விரதம். பன்னிரண்டு தாண்டினால் நீங்கள் பக்கத்து மேசையில் இருந்து, பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மிச்சம் உங்கள் 150 பேர். அவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை, சொந்தம் சொந்தம்தான். அண்ணாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணா, காசை வைத்திருங்கோ, ஆவணியில் நல்லூருக்கு வாறபோது நீங்களே முன்னுக்கு நின்று எல்லாருக்கும் மரக்கறிச் சாப்பாடு ஒன்று குடுங்கோ." திருவிழாவுக்கு வரும் எண்ணம் அவருக்கும் இருக்கும், நூற்றைம்பது பேரும் அவரைக் காணத்தான் வருவார்கள். அதற்கு மண்டபம் எடுங்கள், மேடையும் எடுங்கள். அந்த மாதத்தில் கோயிலைச் சுற்றி இடம் கிடைப்பது கஷ்டம், ஆகவே சித்திரையிலேயே பதிந்துவிடுங்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் அன்றைக்குக் கதிரைகளுக்கு இடையில் ஓடித் திரியட்டும்.

எந்த இடத்துக்கும் முற்பணம் கட்டும் முன் ஒரு முறை நீங்களே போய், முடிந்தால் மகளையும் கூட்டிக்கொண்டு போய், அங்கேயுள்ள மலசலகூடத்தை அவள் பாவிக்கிறாளா என்று பாருங்கள். மறுத்தால் அந்த இடம் வேண்டாம். மின்சாரம் போனால் ஜெனரேற்றர் யார் போடுவது, அதே நேரத்தில் பக்கத்து அறையில் வேறு நிகழ்வு இருக்கிறதா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை மாமியின் ஃபோனிலும் போட்டு வையுங்கள்.

வீட்டில்தான் செய்வது என்று முடிவெடுத்தால் இந்தக் கிழமையே கிணற்றின் வாயை அளந்துகொண்டு வெல்டிங் கடைக்குப் போங்கள். மழை தொடங்கிவிட்டால் அவர்களைப் பிடிக்க முடியாது.